பந்தை வாங்கும் வேலையிலிருந்து விடுபட்டவர்: பார்தோஷ் குரெக்கின் இரண்டு ஆட்ட வாழ்க்கைகள்

2014 ஆகஸ்ட் 30. ஆண்கள் வாலிபால் உலகக் கோப்பைப் போட்டியை அந்த ஆண்டு நடத்தியது போலந்து. தொடக்க ஆட்டத்துக்கு உள்ளரங்கம் போதாது என்று வார்சாவின் தேசியக் கால்பந்து மைதானத்திலேயே வலையைக் கட்டினார்கள். 60,000 பேருக்கும் மேல் வந்து உட்கார்ந்தார்கள். எதிரணி செர்பியா. மூன்று வாரம் கழித்து, செப்டம்பர் 21 அன்று, கதோவித்சே நகரில் பிரேசிலை 3-1 என்று வென்று போலந்து உலக சாம்பியன் ஆனது. நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு கிடைத்த பட்டம் அது.

அந்த அணியில் போலந்தின் நட்சத்திர ஆட்டக்காரர் பார்தோஷ் குரெக் இல்லை. தொடக்க ஆட்டத்துக்கு முந்தைய நாள்தான் அவருக்கு 26 வயது முடிந்திருந்தது. வாலிபால் ஆட்டக்காரருக்கு உடம்பும் அனுபவமும் ஒன்றாகக் கூடிவரும் வயது. காயம் எதுவும் காரணம் இல்லை. பயிற்சியாளர் வேண்டாம் என்றார், அவ்வளவுதான். நான்கு ஆண்டுகள் கழித்து, 2018 செப்டம்பர் 30 அன்று, இத்தாலியின் தூரின் நகரில் போலந்து அதே பட்டத்தை மறுபடியும் வென்றது. எதிரணி மறுபடியும் பிரேசில். தொடரின் சிறந்த ஆட்டக்காரர் விருது பார்தோஷ் குரெக்குக்கு.

இதைச் சொல்லும்போது வழக்கமாக விடாமுயற்சி, மன உறுதி என்றெல்லாம் எழுதிவிடுவார்கள். அது பொய்யில்லை. ஆனால் அது பாதி விளக்கம்கூட இல்லை. 2014இல் வேண்டாம் என்று ஒதுக்கப்பட்டவரும் 2018இல் கோப்பை வாங்கித் தந்தவரும் ஆடுகளத்தில் ஒரே வேலையைச் செய்தவர்கள் அல்லர். நடுவில் அவருடைய வேலையே மாறிவிட்டது. அந்த மாற்றம் என்ன என்று புரிந்தால்தான் குரெக்கைப் புரியும்.

முதலில் அந்த நாட்டின் வாலிபாலைப் பற்றிக் கொஞ்சம். போலந்தில் கால்பந்துக்கு அடுத்தபடியாக மக்கள் கூட்டம் கூட்டமாக வரும் குழு விளையாட்டு இது. அதற்கு விதை போட்டவர் ஹூபெர்ட் வாக்னர் என்ற பயிற்சியாளர். அவருடைய பயிற்சியின் கடுமையைப் பார்த்து ‘தூக்குப் போடுபவர்’ என்று பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். அவர் பயிற்றுவித்த அணி 1974இல் மெக்ஸிகோவில் உலகப் பட்டத்தை வென்றது. 1976இல் மான்ட்ரியல் ஒலிம்பிக் இறுதியில் சோவியத் யூனியனை 3-2 என்று தோற்கடித்துத் தங்கம் வாங்கியது. அந்த அணியில் தொமாஷ் வூய்தோவிச் என்று ஒருவர் இருந்தார். பின்வரிசையிலிருந்து, வலையிலிருந்து மூன்று மீட்டர் தள்ளியிருக்கும் கோட்டுக்குப் பின்னாலேயே எம்பி அடிப்பதை ஓர் ஆயுதமாக மாற்றிய முன்னோடி என்று அவரைச் சொல்வார்கள். இந்தப் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

இன்றைய கிளப்புகள் பெரும்பாலும் தொழிற்சாலை ஊர்களில் வளர்ந்தவை. பெவ்ஹாதூவ் ஊரின் ஸ்க்ரா கிளப்புக்குப் பின்னால் இருப்பது ஐரோப்பாவிலேயே மிகப் பெரிய பழுப்பு நிலக்கரி மின்நிலையம். நமக்கு நெய்வேலி மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம். கெஞ்சியேஷின்-கோஷ்லே ஊரின் ஸாக்ஸா கிளப்புக்கு நைட்ரஜன் உர ஆலை. யாஸ்த்ஷெம்பியேவில் நிலக்கரிச் சுரங்கம். ஆலை நிர்வாகம் பணம் போட, ஊரே சனிக்கிழமை வாலிபால் அரங்குக்கு வந்துவிடும். சின்ன ஊர், பெரிய கிளப் என்ற இந்த ஏற்பாட்டால்தான் தேசிய அணிக்கு ஆட்டக்காரர்கள் வரிசையில் நிற்கிறார்கள். ஒரு நட்சத்திரத்தை வீட்டுக்கு அனுப்பிவிட்டும் உலகப் பட்டம் வெல்ல முடிகிற நாடு அது. குரெக்கின் கதையில் இதை மறந்துவிடக் கூடாது.

குரெக் 1988 ஆகஸ்ட் 29 அன்று, தென்மேற்கு போலந்தின் வாவ்ப்ஷிக் நகரில் பிறந்தவர். அப்பா ஆதாம் குரெக்கும் தேசிய அணிக்கு ஆடியவர். நிசா என்ற சிற்றூரின் கிளப்பில் தொடங்கி, பதின்ம வயதிலேயே கெஞ்சியேஷின்-கோஷ்லே அணிக்குப் போய், 2008இல் பெவ்ஹாதூவ் ஸ்க்ராவில் சேர்ந்தார். அந்த நாளில் ஸ்க்ராவை யாரும் அசைக்க முடியவில்லை. 2005 முதல் 2011 வரை தொடர்ந்து ஏழு முறை போலந்து சாம்பியன். அதில் கடைசி மூன்றில் குரெக்குக்கும் பங்கு உண்டு. 2009, 2010 ஆண்டுகளில் தோஹாவில் நடந்த கிளப் உலகக் கோப்பைகளில் இரண்டாம் இடம். 2012இல் வூச் நகரில், சொந்த ரசிகர்கள் முன்னால், ஐரோப்பிய சாம்பியன்ஸ் லீக் இறுதியில் கஸான் அணியிடம் 2-3 என்று தோல்வி.

தேசிய அணிக்கு 2007இல் வந்தார். 2009இல் துருக்கியில் நடந்த ஐரோப்பிய சாம்பியன்ஷிப்பில் போலந்து முதல்முறையாகத் தங்கம் வென்றபோது அவருக்கு 21 வயது. 2012 ஜூலையில் சோஃபியாவில் உலக லீக் தங்கம். அந்தத் தொடரின் சிறந்த ஆட்டக்காரரும் அவரே. மூன்று வாரத்தில் லண்டன் ஒலிம்பிக். போலந்து தங்கம் வாங்கும் என்று பலரும் எழுதினார்கள். என்ன நடந்தது? முதல் சுற்றில் ஆஸ்திரேலியாவிடம்கூட தோற்று, காலிறுதியில் ரஷ்யாவிடம் 0-3 என்று சுருண்டு வெளியே வந்தது.

சரி, இப்போது அவருடைய இடத்தைப் பற்றி.

அப்போது குரெக் ஆடியது இடதுபுற அட்டாக்கராக. வாலிபாலில் ஆறு பேரில் ஒருவர் செட்டர், அதாவது அடிப்பவர்களுக்குப் பந்தைத் தூக்கிக் கொடுப்பவர். நடுவில் நின்று பிளாக் போடுபவர்கள், அதாவது வலைக்கு மேலே கை நீட்டி எதிரணியின் அடியைத் தடுப்பவர்கள், இருவர். அவர்கள் பின்வரிசைக்குப் போகும்போது பெரும்பாலும் பந்தை வாங்குவதற்கென்றே இருக்கும் லிபரோ அவர்களுக்குப் பதிலாக இறங்குவார். மீதி மூவரில் இருவர் இடதுபுற அட்டாக்கர்கள். மூன்றாமவர் செட்டருக்கு எதிர்மூலையில் நிற்பவர். உலகம் ‘ஆப்போசிட்’ என்று சொல்லும் இவரை நம் ஊர் ஆட்டக்காரர்கள் ‘யுனிவர்சல்’ என்பார்கள்.

வெளியிலிருந்து பார்த்தால் இடதுபுறக்காரரும் யுனிவர்சலும் ஒரே தொழில் செய்வதாகத்தான் தெரியும்: எம்பிக் குதித்து அடிப்பது. வித்தியாசம் அடிப்பதற்கு முன்னால் இருக்கிறது. எதிரணியின் சர்வீஸை வாங்கும் பொறுப்பு லிபரோவுக்கும் இடதுபுற அட்டாக்கர்கள் இருவருக்கும். யுனிவர்சலுக்கு அந்த வேலை இல்லை. ஆண்கள் வாலிபாலில் இன்று ஓடிவந்து குதித்து அடிக்கும் சர்வீஸ் மணிக்கு 120 கிலோமீட்டரைத் தொடும். ஒன்பது மீட்டர் அகலத்தை மூன்று பேர் பங்கு போட்டுக்கொண்டு, அந்தப் பந்தை முழங்கை வளையாமல் வாங்கி, செட்டரின் தலைக்கு மேலே மெதுவாகப் போட வேண்டும். வாங்கிய கையோடு நிமிர்ந்து, ஓடி, குதித்து அடிக்கவும் வேண்டும். இரண்டு மீட்டரைத் தாண்டிய ஆள் குனிந்து வாங்கிவிட்டு அடுத்த நொடியே வலைக்கு மேலே போவதை நினைத்துப் பாருங்கள்.

எதிரணிப் பயிற்சியாளர்களுக்கு இது நன்றாகத் தெரியும். நல்ல அட்டாக்கரை அடிக்க விடாமல் தடுக்க எளிய வழி, பிளாக்கை உயர்த்துவது அல்ல. அவர் மேலேயே சர்வீஸ் போட்டுக்கொண்டிருப்பது. ஒரு பந்து கையில் பட்டுச் சிதறினால் போதும். அடுத்த பந்தை வாங்கும்போது கை இறுகும். கை இறுகினால் கால் தயங்கும். அப்புறம் அடிக்கும்போதும் அந்தத் தயக்கம் கூடவே வரும். குரெக் மோசமாக வாங்குபவர் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் அவருடைய திறமை வாங்குவதில் இல்லை என்பது எல்லா அணிகளுக்கும் தெரிந்த விஷயம். லண்டனுக்குப் பிந்தைய இரண்டு ஆண்டுகளில் அவருடைய ஆட்டம் ஏன் அவ்வளவு ஏற்ற இறக்கமாக இருந்தது என்று கேட்டால், நான் முதலில் கைகாட்டுவது இந்த இடத்தைத்தான்.

2012இல் மாஸ்கோவின் டைனமோ அணி, 2013இல் இத்தாலியின் மசெராத்தா நகரின் லூபே அணி. 2014 வசந்தத்தில் லூபே இத்தாலியச் சாம்பியன் ஆனது. அதே கோடையில்தான் தேசிய அணியிலிருந்து அவர் பெயர் அடிக்கப்பட்டது.

அடித்தவர் ஸ்டெஃபான் அன்டிகா என்ற பிரெஞ்சுக்காரர். இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த பாத்திரம் இவர்தான். 2013 இலையுதிர்காலத்தில் போலந்து சங்கம் இவரைப் பயிற்சியாளராக அறிவித்தபோது இவர் இன்னும் ஸ்க்ரா அணியில் ஆடிக்கொண்டிருந்தார். 2014 வசந்தத்தில் ஸ்க்ராவுடன் போலந்துப் பட்டம் வென்று, காலணியைக் கழற்றி வைத்துவிட்டு, நேராகத் தேசிய அணியின் பெஞ்சுக்குப் போனார். அதற்கு முன் பயிற்சியாளராக ஒரு நாள்கூட வேலை பார்த்ததில்லை. இன்னொரு விஷயம், குரெக் ஸ்க்ராவில் சேர்ந்த 2008 முதல் 2011 வரை அன்டிகாவும் அதே அணியில் இருந்தார். அதே இடதுபுறத்தில். குரெக் அடிப்பதில் பெயர் வாங்கியவர் என்றால், அன்டிகா பெயர் வாங்கியதே சர்வீஸை வாங்குவதில். பக்கத்தில் நின்று மூன்று ஆண்டுகள் பந்தைப் பங்கு போட்டுக்கொண்டவர். குரெக்கின் கை எப்போது இறுகும் என்பதை அவரைவிட நன்றாக அறிந்த பயிற்சியாளர் உலகில் இருந்திருக்க முடியாது.

அந்த முடிவுக்காக அன்டிகாவைத் திட்டாதவர்கள் குறைவு. ஆனால் பட்டம் வந்துவிட்டது. மதேயுஷ் மிக்கா, மிஹாவ் வினியார்ஸ்கி போன்றவர்கள் இடதுபுறத்தைப் பார்த்துக்கொண்டார்கள். யுனிவர்சலாக ஆடிய மரியுஷ் வ்லாஸ்வே தொடரின் சிறந்த ஆட்டக்காரர் ஆனார். வ்லாஸ்வேயும் ஸ்க்ராக்காரர், குரெக்கின் பழைய தோழர். பட்டம் வென்ற கையோடு தேசிய அணியிலிருந்து ஓய்வும் அறிவித்துவிட்டார்.

ஆக, 2015இல் உலக சாம்பியன் அணியில் ஓர் இடம் காலி. அது யுனிவர்சலின் இடம். அன்டிகா அந்த இடத்தில் நிறுத்தியது, முந்தைய ஆண்டு தானே வேண்டாம் என்று அனுப்பிய ஆளை. இதைப் பயிற்சியாளரின் பெருந்தன்மை என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். இது சுத்தமான கணக்கு. குரெக்கிடம் இருந்த குறை ஒன்றுதான். அந்தக் குறை வெளியே வரவே வாய்ப்பில்லாத இடமும் ஒன்றுதான். இரண்டையும் பொருத்திவிட்டார்.

யுனிவர்சலின் வேலை எளிது என்று அர்த்தமில்லை. சர்வீஸ் சரியாக வாங்கப்பட்டால் செட்டருக்கு நான்கைந்து வழிகள் உண்டு. நடுவில் வேகமாகக் கொடுக்கலாம், இடதுபுறம் கொடுக்கலாம். வாங்கியது சிதறிவிட்டால் ஒரே வழிதான்: பந்தை உயரமாகத் தூக்கி வலது ஓரத்துக்கோ இடது ஓரத்துக்கோ அனுப்புவது. பெரும்பாலும் அது யுனிவர்சலுக்குத்தான் போகும். எதிரில் இரண்டு பேர், சில சமயம் மூன்று பேர் பிளாக்கில் கை நீட்டி நிற்பார்கள். பந்து எங்கே போகிறது என்று எல்லாருக்கும் தெரியும். அப்போதும் அடித்துப் புள்ளி எடுக்க வேண்டும். செட்டர் முன்வரிசைக்கு வரும்போது, எதிர்மூலையில் இருப்பதால் யுனிவர்சல் பின்வரிசையில் இருப்பார். அந்தச் சுற்றுகளில் முன்னால் அடிக்க இரண்டு பேர்தான். எனவே யுனிவர்சல் மூன்று மீட்டர் கோட்டுக்குப் பின்னாலிருந்து எம்பி அடித்தே ஆக வேண்டும். 1976இல் வூய்தோவிச் எதிரணிகளைத் திகைக்க வைத்த அந்த அடி, நாற்பது ஆண்டுகளில் ஒரு இடத்துக்குரிய அன்றாட வேலையாகிவிட்டது. ஒரு நல்ல அணியின் மொத்த அடிகளில் மூன்றில் ஒரு பங்குகூட யுனிவர்சலின் கைக்கு வருவது சாதாரணம்.

உடனே எல்லாம் கூடிவிடவில்லை. 2015இல் ஜப்பானில் நடந்த வேர்ல்ட் கப் தொடரில் (உலக சாம்பியனைத் தீர்மானிக்கும் போட்டி வேறு, இது வேறு) போலந்து பதினோரு ஆட்டங்களில் பத்தை வென்றது. கடைசி ஆட்டத்தில் இத்தாலியிடம் மட்டும் தோல்வி. அமெரிக்காவும் இத்தாலியும் அதே பத்து வெற்றிகளோடு நிற்க, புள்ளிக் கணக்கில் போலந்து மூன்றாவது. ஒலிம்பிக் டிக்கெட் முதல் இரண்டு அணிகளுக்குத்தான். பிறகு சுற்றிச் சுற்றித் தகுதிபெற்று ரியோவுக்குப் போனார்கள். காலிறுதியில் அமெரிக்காவிடம் 0-3.

ரியோவுக்குப் பிறகு குரெக் உடைந்தார். ஹிரோஷிமாவின் ஜேடி தண்டர்ஸ் அணியோடு ஒப்பந்தம் போட்டிருந்தார். சீசன் தொடங்கும் முன்பே அதை ரத்து செய்துவிட்டு, உடலும் மனமும் களைத்துவிட்டன, கொஞ்ச நாள் பந்தைத் தொடப்போவதில்லை என்றார். 2016இல் ஆண் விளையாட்டு வீரர் ஒருவர் இதை வெளிப்படையாகச் சொல்வது இன்றைக்குப் போல வழக்கமாகியிருக்கவில்லை. அவருடைய அட்டவணையைப் பார்த்தால் காரணம் புரியும். அக்டோபர் முதல் மே வரை கிளப், மே முதல் செப்டம்பர் வரை தேசிய அணி. பத்தொன்பது வயதிலிருந்து பெரும்பாலும் இதே சுழற்சி. ஓய்வு என்று சொல்ல ஒரு மாதம் கிடைத்தால் பெரிது. சில வாரங்களில் பழைய வீடான ஸ்க்ராவுக்கே திரும்பி ஆடத் தொடங்கினார். அடுத்த ஆண்டு அங்காராவின் ஸிராத் வங்கி அணி.

2017இல் சொந்த மண்ணில் நடந்த ஐரோப்பிய சாம்பியன்ஷிப்பில் காலிறுதிக்கு முன்பே ஸ்லோவேனியாவிடம் 0-3 என்று தோற்று வெளியேறியது போலந்து. பயிற்சியாளர் மாற்றப்பட்டார். 2018இன் தொடக்கத்தில் விட்டல் ஹேய்னன் என்ற பெல்ஜியக்காரர் வந்தார். ஓயாமல் பேசுகிறவர், நடுவரோடு மல்லுக்கு நிற்கிறவர், பயிற்சியில் விசித்திரங்கள் செய்கிறவர். 2014இல் ஜெர்மனி அணியை உலகக் கோப்பையில் மூன்றாம் இடத்துக்குக் கொண்டுவந்தவரும் இவரே. அந்தக் கோடையில் வரிசையாக எல்லாரையும் மாற்றி மாற்றி ஆடவைத்துப் பார்த்தார். உலகக் கோப்பைக்குப் போகும்போது போலந்தை யாரும் பட்டத்துக்குரிய அணியாகப் பேசவில்லை.

முதல் சுற்றில் ஐந்துக்கு ஐந்தும் வெற்றி. இரண்டாம் சுற்றில் அர்ஜென்டினாவிடமும் பிரான்ஸிடமும் தோல்வி. செர்பியாவை வென்றே ஆக வேண்டிய ஆட்டத்தில் 3-0. மூன்றாம் சுற்றுக்கு தூரின். மறுபடியும் செர்பியாவை 3-0 என்று வென்றுவிட்டதால், இத்தாலிக்கு எதிராக ஒரே ஒரு செட் கிடைத்தால் அரையிறுதி. முதல் செட்டையே 25-14 என்று எடுத்து, ஆயிரக்கணக்கான இத்தாலிய ரசிகர்களை மௌனமாக்கிவிட்டு, பிறகு அந்த ஆட்டத்தை 2-3 என்று விட்டுக்கொடுத்தார்கள். பரவாயில்லை, வேண்டியது கிடைத்துவிட்டது. அரையிறுதியில் அமெரிக்காவிடம் 1-2 என்று பின்தங்கி, 3-2 என்று வென்றார்கள். இறுதியில் பிரேசிலுக்கு எதிராக 28-26, 25-20, 25-23.

அந்த வாரத்தில் குரெக் ஆடியதை ஒளிப்பதிவில் பார்த்தால் கண்ணில் படுவது வேகமோ உயரமோ அல்ல, அமைதிதான். சர்வீஸ் வாங்கும் நேரத்தில் அவர் வலது பின்மூலையில், எல்லாருக்கும் பின்னால், வேலையில்லாதவர் போல நிற்கிறார். லிபரோ பாவெவ் ஸதோர்ஸ்கியும், காப்டன் மிஹாவ் கூபியாக்கும் விழுந்து புரண்டு வாங்குகிறார்கள். பந்து சிதறினால் செட்டர் ஃபாபியன் த்ஷிஸ்கா ஓடிப்போய் உயரமாகத் தூக்குகிறார். அதற்குள் குரெக் நான்கு எட்டு பின்னால் போய், தன் ஓட்டத்தைத் தொடங்கியிருப்பார். 2012இல் இருந்த ஆளுக்கு அந்த நான்கு எட்டுக்கு நேரம் கிடைத்ததே இல்லை. அவரே கீழே விழுந்து எழுந்துகொண்டிருப்பார்.

அந்த ஆண்டின் சிறந்த போலந்து விளையாட்டு வீரராக வாசகர் வாக்கெடுப்பில் குரெக்கைத் தேர்ந்தெடுத்தார்கள். பனிச்சறுக்குத் தாவலின் ஒலிம்பிக் நாயகன் கமில் ஸ்தோஹ் இருந்த ஆண்டில் அது நடந்தது என்பதைச் சேர்த்துச் சொன்னால்தான் அதன் கனம் தெரியும்.

அடுத்தடுத்து வந்தவை அவ்வளவு இனிமையாக இல்லை. 2018-19 சீசனுக்கு அவர் சேர்ந்தது ஷ்செசின் நகரின் ஸ்தோச்னியா கிளப். பல்கேரியாவின் மாத்தெய் கஸீஸ்கி உட்படப் பெரிய பெயர்களைக் கூட்டி வந்திருந்தார்கள். உலகக் கோப்பையின் சிறந்த ஆட்டக்காரர் ஊருக்கு வந்து இறங்கி மூன்று மாதம்கூட ஆகவில்லை, டிசம்பரில் கிளப் பணமில்லாமல் லீக்கை விட்டே விலகியது. ஆலைப் பணத்தில் ஓடும் கிளப்புகளின் மறுபக்கம் இது. பணம் தருபவர் கையை எடுத்தால் மறுநாள் அணி இருக்காது. குரெக் வார்சாவின் ஓனிகோ அணிக்கு மாறினார். அந்த அணி லீக் இறுதிவரை போனது; ஆனால் 2019இல் அவருக்கு முதுகுத்தண்டில் அறுவை சிகிச்சை செய்ய வேண்டியதாயிற்று. பின்வரிசையிலிருந்து அடிப்பவரின் முதுகு ஒவ்வொரு அடிக்கும் வில்லாக வளைந்து நிமிரும். ஓர் ஆட்டத்தில் நாற்பது முறைகூட. சர்வீஸ் வாங்கும் வேலை போனதற்கு உடம்பு கொடுத்த விலை அது.

அதன்பின் இத்தாலியின் மோன்ஸாவில் ஒரு சீசன். 2020இல் ஜப்பானின் நகோயா உல்ஃப்டாக்ஸ் அணி. நான்கு ஆண்டுகள் அங்கேயே. ஐரோப்பாவின் பெரிய கிளப்புகளை விட்டுவிட்டு ஜப்பானுக்கு ஏன் போகிறார்கள் என்று கேட்பவர்கள் உண்டு. கூபியாக் 2016இலேயே போயிருந்தார். சம்பளம் ஒரு காரணம், அதோடு நேரத்துக்கு வந்துவிடும் என்ற நிம்மதி. ஷ்செசினில் பட்டவருக்கு அது சிறிய விஷயம் இல்லை. நாடு விட்டு நாடு ஓடும் சாம்பியன்ஸ் லீக் பயணங்களும் கிடையாது. ஆனால் அங்கேயும் வேலை குறைவில்லை. சனி, ஞாயிறு இரண்டு நாளும் தொடர்ந்து ஆட்டம். வெளிநாட்டவருக்கு இடம் குறைவு என்பதால், கடினமான பந்தெல்லாம் அவர் ஒருவருக்கே போகும். 2022-23 சீசனில் நகோயா ஜப்பான் லீக்கின் சாம்பியன் ஆனது.

தேசிய அணியில் 2021 இன்னொரு வெட்டு. டோக்கியோவுக்கு உலக சாம்பியனாகப் போன போலந்து, காலிறுதியில் பிரான்ஸிடம் 2-3 என்று தோற்றது. கியூபாவில் பிறந்து போலந்துக் குடியுரிமை பெற்ற வில்ஃப்ரெடோ லெயோனும் இந்த முறை அணியில் இருந்தார், அப்படியும் நடக்கவில்லை. 2004, 2008, 2012, 2016, 2021 என்று ஐந்து ஒலிம்பிக், ஐந்திலும் காலிறுதியோடு சரி. போலந்து ஊடகங்கள் இதைச் சாபம் என்று எழுதின. எனக்கு அந்தச் சொல்லில் நம்பிக்கை இல்லை. 2004இல் தோற்றது பிரேசிலிடம், 2012இல் ரஷ்யாவிடம், 2021இல் பிரான்ஸிடம். மூன்றும் அந்தந்த ஒலிம்பிக்கின் தங்க அணிகள். பன்னிரண்டு அணிகள் மட்டும் வரும் போட்டியில், முதல் நாக் அவுட் ஆட்டத்திலேயே அப்படி ஒருவர் எதிரே வருவது சாபம் அல்ல, அட்டவணை. ஆனால் அந்த ஐந்தில் மூன்றை ஆடித் தோற்ற குரெக்குக்கு இந்த வாதம் எவ்வளவு ஆறுதல் தந்திருக்கும் என்பது வேறு விஷயம்.

ஹேய்னன் போனார். 2022இல் செர்பியாவின் முன்னாள் செட்டர் நிகோலா கிர்பிச் வந்தார். கூபியாக்குக்குப் பதில் குரெக் காப்டன். எட்டு ஆண்டுக்கு முன் பட்டியலிலேயே இடமில்லாதவர். அந்த ஆண்டு உலகக் கோப்பை ரஷ்யாவில் நடந்திருக்க வேண்டும். உக்ரைன் மீதான படையெடுப்புக்குப் பிறகு போலந்துக்கும் ஸ்லோவேனியாவுக்கும் மாற்றினார்கள். கதோவித்சேவில் இறுதி ஆட்டம், 2014இல் அவர் இல்லாமல் பட்டம் வென்ற அதே அரங்கம். அமெரிக்காவையும் பிரேசிலையும் 3-2, 3-2 என்று தாண்டி வந்த போலந்து, இத்தாலியிடம் 1-3 என்று தோற்றது. அடுத்த ஆண்டு கணக்கு நேரானது. க்தான்ஸ்க் நகரில் நேஷன்ஸ் லீக் தங்கம், ரோமில் இத்தாலியையே 3-0 என்று வென்று ஐரோப்பியத் தங்கம். 2009இல் அணியின் இளசுகளில் ஒருவராக வாங்கிய பட்டத்தைப் பதினான்கு ஆண்டு கழித்துக் காப்டனாக வாங்கினார். ஆனால் அந்த 2023 கோடையின் பெரும் பகுதியில் யுனிவர்சல் இடத்தில் பாரத்தைச் சுமந்தது லுகாஷ் கச்மாரெக். குரெக்கின் உடம்பு எல்லா ஆட்டத்துக்கும் ஒத்துழைக்கவில்லை. காப்டன் பெஞ்சில் உட்கார்ந்திருக்க இளையவர் ஆடுகிற காட்சி பல அணிகளில் முணுமுணுப்பைக் கிளப்பும். இந்த அணியில் அது பெரிதாக வெளியே தெரியவில்லை. தானே ஒருமுறை வெளியே அனுப்பப்பட்டவர் காப்டனாக இருந்தது அதற்கு உதவியிருக்கும் என்பது என் ஊகம்.

2024 பாரிஸ். காலிறுதியில் ஸ்லோவேனியா, 3-1. ஐந்து முறை மூடியிருந்த கதவு திறந்தது. அரையிறுதியில் அமெரிக்கா; 1-2 என்று பின்தங்கிய நிலையில் போலந்து அணி மருத்துவமனை வார்டு போல ஆகிவிட்டது. ஸதோர்ஸ்கிக்குத் தோளில் அடி, செட்டர் மார்சின் யானுஷுக்கு முதுகு. மாற்று செட்டர் க்ஷெகோஷ் வோமாச் இறங்கினார், லெயோன் சர்வீஸில் வெடித்தார், 3-2. அன்று அணியைத் தூக்கியவர் லெயோன், குரெக் அல்ல. இறுதியில் பிரான்ஸிடம் 19-25, 20-25, 23-25. வெள்ளி. 1976 தங்கத்துக்குப் பிறகு போலந்து ஆண்கள் அணிக்கு வந்த முதல் ஒலிம்பிக் பதக்கம் அது, 48 ஆண்டு இடைவெளியில். பதக்கம் வாங்க முதலில் மேடையேற வேண்டிய காப்டனுக்கு அந்த மாதத்தின் கடைசியில் 36 வயது.

ஒரு ஆட்டக்காரரை எடைபோட உலகப் பட்டம், ஒலிம்பிக் பதக்கம் என்று எண்ணுவது எளிது. அந்தக் கணக்கில் குரெக்கைவிட அதிகம் வைத்திருப்பவர்கள் பிரேசிலிலும் ரஷ்யாவிலும் உண்டு. வாங்குவதில் சிறந்தவர்கள் அவருடைய அணியிலேயே உண்டு. ஆனால் உலக லீக்கின் சிறந்த ஆட்டக்காரராக ஒரு இடத்திலும், உலகக் கோப்பையின் சிறந்த ஆட்டக்காரராக வேறொரு இடத்திலும் விருது வாங்கியவர்களைத் தேடினால் பட்டியல் மிகச் சிறியதாகிவிடும்.

பாரிஸுக்குப் பிறகு, பதின்ம வயதில் ஆடிய கெஞ்சியேஷின்-கோஷ்லே அணிக்கே ஒரு சீசன் திரும்பினார். 2021 முதல் 2023 வரை மூன்று முறை தொடர்ந்து ஐரோப்பிய சாம்பியன் ஆகிவிட்டு, அப்புறம் சரிந்துகொண்டிருந்த அணி அது. அங்கேயும் அவர் நின்ற இடம் செட்டருக்கு எதிர்மூலை. பதினேழு வயதில் அதே ஊரில் சர்வீஸ் வாங்கப் பழகிக்கொண்டிருந்தவரை, இந்த முறை யாரும் வாங்கச் சொல்லவில்லை.